பொட்டு வைத்த இன்ஜின்

1

விழுப்புரத்தை விட்டு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வோர் ஆண்டும் இங்கே வந்திறங்கிய நாளை ஒட்டி, ஊரில் இருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதிவிடுவேன். போன முறை டுரியான் பழத்தைப் புகழ்ந்து எழுதி, அதை மோந்துகூடப் பார்க்காதவர்களிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த முறை என் குட்டி ரயில் பைத்தியத்தைப் பற்றி எழுதி உங்களைச் சிரிக்க வைப்பதாகத் திட்டம்.

பத்து நாளாக எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். நடுவிரலைவிடக் கொஞ்சமே நீளமான ஓர் இன்ஜின் என் வீட்டுக்குள் வந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் யாரோடு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியாது என்று காட்டிவிட்டது. அந்த அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. இறங்கட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன் போலிருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இருப்பது மலாக்கா மாநிலத்தில் புக்கிட் ரம்பாய். சுற்றிலும் தொழிற்சாலைகள், நடுநடுவே வீடமைப்புப் பகுதிகள். பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்க வந்தேன். அங்கே சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருந்த தேவி, என் தமிழைக் கேட்டுச் சிரித்தாள். பதிலுக்கு நான் அவள் தமிழைக் கேட்டுச் சிரித்தேன். கல்யாணம் ஆகிவிட்டது. ஒரே பெண், யாழினி, பதின்மூன்று வயது. எங்களோடு தேவியின் அப்பாவும் இருக்கிறார். எண்பத்தாறு வயது. சிம்பாங் அம்பாட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் மரம் வெட்டி, அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்து, தோட்டம் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறியதும் வெளியே வந்தவர். நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை மாப்பிள்ளை என்பார். அதற்கு மேல் எங்களுக்குள் அதிகம் பேச்சு கிடையாது. பேசாமலே நன்றாக ஒத்துப்போகிறது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

என் அப்பா விழுப்புரம் சந்திப்பில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தப் பாதையில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தண்டவாளத்தைத் திருப்பிவிடுவதுதான் அவருடைய வேலை. மீட்டர் கேஜ் நீராவி இன்ஜின்கள் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலத்தில் நான் அரை டிராயர் போட்டிருந்தேன். இன்ஜினின் எண்ணைச் சொன்னால் அது எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று சொல்வேன். அந்தக் கிறுக்கு வயதோடு போகவில்லை. கையில் சம்பளம் என்று ஒன்று வந்ததும் குட்டி ரயில்கள் வாங்க ஆரம்பித்தேன்.

பொம்மை என்று சொன்னால் எங்கள் கூட்டத்தில் அடிக்க வருவார்கள். ஒன்பது மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். நிஜ இன்ஜினை அப்படியே நூற்றைம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, பிஸ்டன் தண்டு, கைப்பிடிக் கம்பி, எண்பலகை எதையும் விடாமல் செய்திருப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஜப்பான் நிறுவனங்கள் புதிய இன்ஜின்களின் பட்டியலை வெளியிடும்போது, ஊரில் தீபாவளி மலருக்குக் காத்திருந்த மாதிரி காத்திருப்போம். தேவி இதைப் பற்றிச் சொல்வது ஒரே ஒரு வாக்கியம்தான். "மத்த ஆம்பளைங்க குடிக்கிறாங்க, இவரு ரயில் ஓட்டுறாரு. இருக்கட்டும் லா." பேச்சின் வாலில் 'லா' போடுவது இந்த ஊர்ப் பழக்கம்.

இங்கே வந்த புதிதில் எனக்கு முதல் அதிர்ச்சி, மலாக்கா நகரத்துக்கு ரயிலே இல்லை என்பதுதான். இவ்வளவு பழைய துறைமுக நகரம், உலகமெல்லாம் வந்து போன ஊர், அதற்கு ஒரு ஸ்டேஷன் இல்லையா? நாட்டின் பெரிய பாதை வடக்கே புலாவ் செபாங்கோடு ஒதுங்கிப் போய்விடுகிறது. கல்யாணமான புதிதில் மாமாவிடம் கேட்டேன்.

"இருந்திச்சு மாப்பிள்ள. மலாக்கா வரைக்கும் லைன் இருந்திச்சு. ஜப்பான்காரன் வந்து புடுங்கிட்டுப் போய்ட்டான்" என்றார். சொல்லிவிட்டுத் தொலைக்காட்சி பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அது போதும். அன்றிலிருந்து அந்தக் காணாமல் போன கிளைப் பாதை என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய வரைபடங்கள், இணையத்தில் என்னைப் போன்ற கிறுக்கர்களின் கட்டுரைகள் எல்லாவற்றையும் தேடித் தேடிப் படித்தேன். எங்கே பிரிந்தது, எங்கே ஆற்றைத் தாண்டியது, எந்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடித்தது என்றெல்லாம் தெரிந்துகொண்டேன். பெயர்த்தெடுத்த தண்டவாளம் என்ன ஆனது என்றும் தெரிந்துகொண்டேன். போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டை வெட்டிப் போட்ட பாதைக்குப் போனது. தண்டவாளத்தின் கதையை மட்டும் விரல் நுனியில் வைத்திருந்தேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பின்னறையில் பெரிய பலகை ஒன்றைப் போட்டு அந்தப் பாதையை மேசை மேல் போட ஆரம்பித்தேன். ஒரு முனையில் புலாவ் செபாங், மறு முனையில் மலாக்கா, நடுவில் ஒரு தோட்டத்து நிறுத்தம். வண்டி நிற்காமல் சுற்றிவர இரண்டு முனைகளையும் பின்பக்கமாக இணைத்துவிட்டேன். ரப்பர் மரங்களுக்குப் பஞ்சையும் பச்சைத் தூளையும் ஒட்டி இஷ்டத்துக்கு நட்டுவைத்திருந்தேன். ஒருநாள் மாமா அறை வாசலில் நின்று பார்த்தார்.

"இது என்னா மரம் மாப்பிள்ள?"

"ரப்பர் மரம் மாமா."

அவர் சிரித்த சிரிப்பு வீடு முழுக்கக் கேட்டது. "ரப்பர் மரம் இப்டி கலைஞ்சு போயா நிக்கும்? நெர புடிச்சு நடணும். ஒரு நெரயில நின்னு பாத்தா அந்தக் கோடி வரைக்கும் தெரியணும்."

மறுநாளிலிருந்து மரம் செய்யும் வேலை அவருடையது. பழைய மின்கம்பியிலிருந்து செம்பு இழைகளை உருவி முறுக்கி மரம் செய்தார். நாலு சென்டிமீட்டர் உயர மரத்தில் ஊசி முனையால் வெட்டுக் கோடு போட்டார். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்க வேண்டுமாம்; மாறினால் தண்டல் உதைப்பானாம். தண்டல் என்றால் வேலை வாங்கும் மேஸ்திரி. பால் வடியும் மங்கு என்ற கிண்ணத்துக்குக் கடுகுத் தோலை ஒட்டினார். மூன்று ஆண்டுகளில் அறுநூற்றுச் சொச்சம் மரங்கள். கண்புரை அறுவை முடித்த கண்ணோடு, நடுங்கும் கையோடு.

அந்த மரங்களுக்கு நடுவே போகும் தண்டவாளத்தை அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அதைக் கவனித்தேன். விலை உயர்ந்த சாமான் என்று மரியாதையாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

3

பாதை தயார். ஓடத்தான் சரியான இன்ஜின் இல்லை. எனக்குத் தெரிந்து மலாயாவில் ஓடிய நீராவி இன்ஜினை இந்த அளவில் யாரும் செய்து விற்பதில்லை. போன ஆண்டுப் பட்டியலில் அதைப் பார்த்தேன். ஜப்பானிய நீராவி இன்ஜின், சி ஐம்பத்தாறு ரகம். கிளைப் பாதைகளுக்கென்றே செய்த ஒல்லியான உடம்பு. கூடவே கறுப்பு நிறத்தில் ஆறு மூடிய சரக்குப் பெட்டிகள். 'தாயகம் திரும்பியதன் நினைவுப் பதிப்பு' என்று போட்டிருந்தது. எந்தத் தாயகம், எங்கிருந்து திரும்பியது என்று பார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை. என் கண் முழுக்கச் சக்கரங்களின் மேல் இருந்தது. சிறு வயதில் பார்த்த மீட்டர் கேஜ் இன்ஜினுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. உடனே பதிவு செய்தேன்.

நான் இறங்கிய நாளின் பதினைந்தாம் ஆண்டுக்கு அதை ஓட்டித் தொடங்கிவைப்பது என்று முடிவு. பார்சல் சரியாக அந்த வாரம் வந்து, பார்சல் நிலையத்தில் மாட்டிக்கொண்டது. அனுப்பியவர்கள் படிவத்தில் 'நீராவி லோகோமோட்டிவ் ஒன்று, சரக்கு வேகன் ஆறு' என்று எழுதியிருந்தார்கள். விளக்கம் தரச் சொல்லிக் கடிதம் வந்தது. எனக்கு அரசாங்கக் கடிதம் என்றாலே பயம். பதினைந்து ஆண்டு ஆகியும் நான் இங்கே மனைவியின் தயவில் தங்கியிருக்கும் விருந்தாளிதான். ஒவ்வொரு முறையும் குடிநுழைவு அலுவலகத்துக்கு அவளைக் கையோடு கூட்டிப்போய், "ஆமாம், இவர் என் கணவர்தான், இன்னும் என்னோடுதான் இருக்கிறார்" என்று சொல்ல வைத்து முத்திரை வாங்க வேண்டும். வந்த நாள், போன நாள், திரும்பிய நாள் எல்லாம் ஒரு தடித்த கோப்பில் இருக்கிறது.

பார்சல் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் படிவத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எஞ்சிக், கெரெத்தா அப்பி பெலி கா? மானா நாக் லெத்தாக்?" ரயிலா வாங்கினீர்கள், எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்கிறாள். வீட்டுக்குப் பின்னறையில் என்று என் மலாயில் சொன்னேன். பெட்டியைப் பிரித்துக் காட்டியதும் மற்ற கவுண்டர்காரர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். ஆளாளுக்குக் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அதுதான் இந்தக் கதையில் கடைசியாகச் சிரித்தது.

4

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. நாலு பேர்தான், விழா மாதிரி ஒன்றும் இல்லை. ஆனால் தேவி, "புது காடி வாங்குனா பூஜ போடுறோம். புது ரயிலுக்குப் போட வேணாமா?" என்றாள். காடி என்றால் இங்கே கார். கேலிக்குத்தான் சொன்னாள். மாமா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆமா மாப்பிள்ள. வண்டின்னு வந்துட்டா சாமி கும்புடாம எடுக்கக் கூடாது" என்றார்.

குளித்து, வேட்டி கட்டி, பட்டை போட்டுக்கொண்டு வந்தார். சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் வேண்டும். எலுமிச்சை இன்ஜினைவிட உயரமாக இருந்தது. யாழினி ஓடிப்போய்த் தொட்டியிலிருந்து நெல்லிக்காய் அளவுள்ள கஸ்தூரி எலுமிச்சை ஒன்றைப் பறித்து வந்தாள். அதுவும் பெரிதுதான். மாமா அதை நாலாக வெட்டி, ஒரு விதையை எடுத்து, சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் வைத்தார். முதன்முறையாக அந்தத் தண்டவாளத்தைத் தொட்டார். பிறகு தீக்குச்சி முனையில் சந்தனத்தைத் தொட்டு இன்ஜினின் முகப்பில் வைத்தார். அதன் மேல் குங்குமம். கடுகளவு பொட்டு. கற்பூரம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினார். நாங்கள் மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். சிரிப்பை அடக்க எனக்குப் பாடு பெரும்பாடாக இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் நெகிழ்ந்துதான் போனேன். என் பைத்தியத்தை இவ்வளவு மரியாதையாக யாரும் நடத்தியதில்லை.

இன்ஜின் விதையை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. ஆறு கறுப்புப் பெட்டிகளும் வளைந்து வளைந்து, மாமாவின் ரப்பர் நிரைகளுக்கு இடையே போயின. எனக்குத் தலைகால் புரியவில்லை.

யாழினி பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாளை எடுத்துக் கைப்பேசியைக் காட்டினாள். ஜப்பானிய எழுத்தை அது ஆங்கிலமாக்கித் தருகிறது. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று இல்லை, வாசிக்க மாட்டாள். ஆங்கிலத்தில் வந்ததை அவளுடைய தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"தாத்தா, இந்த ட்ரெயின் ஸ்டோரி ரொம்ப ஸ்வீட் லா. வார் டைம்ல இத ஷிப்ல ஏத்தி சயாமுக்கு அனுப்பிட்டாங்களாம். அங்க காட்டுக்குள்ள புது லைன்ல ரொம்ப கஷ்டப்பட்டு வேல செஞ்சிச்சாம். அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு வீட்டுக்குத் திரும்பி வந்திச்சாம். எல்லாரும் வந்து வெல்கம் பண்ணாங்களாம். வெல்கம் ஹோம், யூ வொர்க்ட் ஹார்ட்னு போட்டிருக்கு."

மாமா கற்பூரத் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"எங்க போச்சுன்னு சொன்ன?"

"சயாம் தாத்தா. தாய்லாந்து."

"இந்த ரயிலா?"

"இதே மாதிரி ரயில். மாடல்தானே இது."

"போயிட்டு… திரும்பி வந்துருச்சா?"

"ஆமா லா தாத்தா. டேட் எல்லாம் போட்டிருக்கு."

இந்த இடத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கோ பொருத்தம் பிடிபட்டுவிட்ட சந்தோஷம். துள்ளிக் குதித்து, "மாமா, பாத்தீங்களா! நம்ம மலாக்கா தண்டவாளமும் அதே பாதைக்குத்தான் போச்சு. இப்ப அந்த இன்ஜினே நம்ம லைனுக்கு வந்துருச்சு!" என்றேன்.

"நிறுத்துங்க!" என்று தேவி கத்தினாள். ரயிலையா என்னையா என்று புரியவில்லை. கல்யாணமாகி இத்தனை ஆண்டுகளில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. தட்டு மாமா கையிலிருந்து சாய்ந்து, எரியும் கற்பூரம் தரையில் விழுந்தது. அதை மிதித்து அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. யாழினிதான் ஈரத் துணியால் அமுக்கி அணைத்தாள். யாரும் நிறுத்தாததால் ரயில் இன்னொரு சுற்று வந்து எங்களைக் கடந்து போனது.

5

மாமாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். தண்ணீர் குடித்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கப்பாதான் மாப்பிள்ள அந்த லைன புடுங்குனது" என்றார்.

நான் ரயிலின் சுவிட்சை அணைத்தேன்.

"எனக்கு அப்ப நாலு வயசு. தோட்டத்துல ஆளு கேட்டு வந்தானுங்க. ரயில் ரோட்ட பேக்கணும், கூலி உண்டு, அரிசி உண்டுன்னான். அப்பா போனாரு. அம்மா கைல என்ன தூக்கிக்கிட்டு கூடவே போயி பாத்திருக்கா. நாலு ஆளு ஒரு தண்டவாளத்தத் தூக்குவாங்களாம், அப்பா முன்னால நிப்பாராம். எல்லாம் பேத்து முடிஞ்சிச்சு. லோரி வந்திச்சு. தண்டவாளத்த ஏத்துனான். அப்புறம் தூக்குன ஆளுங்களயும் ஏத்துனான். மூணு மாசத்துல வந்துருவாங்கன்னு சொன்னானாம்."

"மாமா…"

"அவ்ளோதான் மாப்பிள்ள. போன ஆளு போனதுதான்."

போர் முடிந்து சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். எலும்பும் தோலுமாக, காலில் புண்ணோடு. மாமாவின் அம்மா ஒவ்வொருவரையும் போய்ப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். அந்த முகாமில் நாங்கள் இல்லையம்மா, வேறு கும்பல், எங்களுக்குத் தெரியாது. இதுதான் எல்லோரும் சொன்னது. செத்துப் போயிருப்பான், பொட்டை அழித்துவிடு என்று தோட்டத்தில் பெரியவர்கள் சொன்னபோது அவள் ஒரே வார்த்தையில் நின்றிருக்கிறாள்.

"பாத்தவங்க யாராச்சும் வந்து என் மூஞ்சிய பாத்து சொல்லட்டும், அப்ப அழிக்கிறேன்னா. யாரும் வரல. சாவுற வரைக்கும் பொட்டு வெச்சிருந்தா. நாங்க பூ வெச்சுதான் எடுத்தோம்" என்றார் மாமா. "நானும் காரியம் பண்ணல. எந்த நாளுன்னு பண்றது? பாத்தவங்க வந்து சொல்லாம நீயும் காரியம் பண்ணக் கூடாதுன்னு, சாவுறப்ப என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுப் போய்ட்டா."

இவ்வளவையும் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் சொன்னார். சொல்லிவிட்டுத் தரையில் கருகிக்கிடந்த கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இரும்பு திரும்பி வந்திருக்கு. அதுக்கு நாளு எழுதி வெச்சிருக்கான்" என்று மெல்லச் சொன்னார்.

  பதினைந்து ஆண்டுகள். ஆடி அமாவாசைக்கு ஊரில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க முடியவில்லையே என்று நான் இந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்து புலம்பியிருக்கிறேன். "நீங்க ஏன் மாமா உங்க அப்பாவுக்குக் கொடுக்கிறதில்ல?" என்று ஒருமுறை கேட்டும் இருக்கிறேன். சும்மா சிரித்தார். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டினேன். அந்தப் பாதையில் எத்தனை பாலம், எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், தண்டவாளம் கடைசியில் எந்த நாட்டில் போய்ப் படுத்தது, எல்லாம் தெரிந்த எனக்கு, அதைப் பெயர்த்த கைகள் யாருடையவை என்று கேட்கத் தோன்றவே இல்லை. தண்டவாளம் தானாகவா எழுந்து லாரியில் ஏறும்? ஒரு பாயிண்ட்ஸ்மேன் மகனுக்கு இது உறைத்திருக்க வேண்டாமா? என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தேவியிடம் காட்டினேன்.

அடுப்பங்கரையில் அவளைப் பிடித்தேன். "உனக்குத் தெரியும் இல்லையா? மூணு வருஷமா அந்தப் பாதையப் போடுறேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"தெரியும்" என்றாள். "அவரே சொல்லாதத நான் எப்டிங்க சொல்றது? அதுவும் நீங்க லைன் போட ஆரம்பிச்சப்புறம் அப்பா தெனம் எந்திரிச்சு மரம் செய்ய உக்காந்தாரு. எனக்குத் தெரிஞ்சு அவரு எதுக்கும் அப்டி உக்காந்ததில்ல. நான் போயி அதக் கெடுக்கணுமா?"

"அப்ப அந்த இன்ஜின்?"

"அது சயாம் ரயில்னு எனக்கு எப்டித் தெரியும்? வாங்குன உங்களுக்கே தெரியலயே!"

 என்னைப் பற்றி இந்த நாட்டில் ஒரு கோப்பு நிறையக் காகிதம் இருக்கிறது என்று மேலே பெருமூச்சு விட்டு எழுதினேன் அல்லவா? மாமாவின் அப்பாவுக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. புகைப்படம் இல்லை. பிறந்த நாள் இல்லை, போன நாள் இல்லை. மாமாவின் அடையாள அட்டையில் தகப்பன் பெயர் என்று இருக்கும் ஒரு சொல்தான் மிச்சம். கந்தன்.

அன்று சாயங்காலம் யாழினி என்னிடம் வந்தாள். அவள் கண் வீங்கியிருந்தது. "அப்பா, நான் ஸ்வீட்னு சொன்னேன்" என்றாள்.  தமிழில் சொல்லத் தெரியாமல் ஆங்கிலத்துக்குப் போவாள், ஆங்கிலம் போதாமல் மலாய்க்குப் போவாள். அன்றைக்கு மூன்றும் கை கொடுக்கவில்லை. நான் என்ன சொல்ல? அவளாவது தெரியாமல் சொன்னாள். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு துள்ளிக் குதித்தவன் நான்.

6

மறுநாள் வேலைக்குப் போகும் முன் மாமாவிடம் போனேன். இன்ஜினைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன், வேண்டுமானால் அந்தப் பலகையையே பிரித்துவிடுகிறேன் என்றேன். 

"மரத்த பிரிக்கிறதா? எத்தன நாளு ஒக்காந்து செஞ்சேன்" என்றார். பிறகு, "அமாவாச என்னிக்கு வருது, பாருங்க மாப்பிள்ள" என்றார்.

அமாவாசை வியாழக்கிழமை வந்தது. நானும் தேவியும் விடுப்பு எடுத்தோம். கோயிலுக்கோ கடற்கரைக்கோ போக வேண்டாம், வீட்டில்தான் என்று மாமா சொல்லிவிட்டார். விடிந்ததும் தேவி சமையலில் இறங்கினாள். கந்தன் தாத்தாவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்தால்தானே படையலுக்குச் சமைக்க முடியும்? அது மாமாவுக்கும் தெரியாது. ஜப்பான்காரன் காலத்தில் இங்கே எல்லோரும் மரவள்ளிக்கிழங்கு தின்றுதான் உயிர் பிழைத்தார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, தேவி அதையும் கொஞ்சம் அவித்து வைத்திருந்தாள். மாமா பார்த்துவிட்டு, "கெழங்கு வேணாம். எடுத்துரு. சோறு வையி. சோத்துக்காகத்தான் அந்த மனுசன் போனாரு" என்றார். தேவி கிழங்கை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

முன்னறையில் தலைவாழை இலை. குவியலாகச் சோறு, ஆட்டுக்கறி, மீன் பொரியல், வடை, புது வேட்டி ஒன்று, ஒரு செம்பில் தண்ணீர். குத்துவிளக்கு. இலைக்குப் பின்னால், படம் வைக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தேவி அங்கே ஒரு செம்பை வைக்கலாமா, பெயரை எழுதி வைக்கலாமா என்று என்னைக் கேட்டாள். 

மாமா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். வரும்போது இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திக்கொண்டு வந்தார். இன்ஜின். பெட்டிகளைக் கழற்றிவிட்டு இன்ஜினை மட்டும் கொண்டுவந்திருந்தார். முகப்பில் அன்று வைத்த பொட்டு அப்படியே இருந்தது. அதைத் துடைக்க எனக்குத் துணிவு வந்திருக்கவில்லை.

குனிந்து, இலைக்குப் பின்னால், படம் வைக்க வேண்டிய இடத்தில் அதை வைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, இதையா? இது… வேணாம் மாமா" என்றேன்.

"இருக்கட்டும் மாப்பிள்ள" என்றார். "அம்மா என்ன கேட்டா? பாத்தவங்க வந்து சொல்லணும்னு கேட்டா. எம்பது வருஷத்துல மனுசங்க ஒருத்தரும் வரல. இதுதான் வந்திருக்கு. இது அங்க இருந்திச்சு இல்ல? இது அவர பாத்திருக்கும்."

இது அந்த இன்ஜின் இல்லை மாமா, வெறும் மாதிரி, எங்கள் தொழிற்சாலையில் தினமும் வார்க்கிற அதே பிளாஸ்டிக் என்று சொல்ல வாயெடுத்தேன். விழுங்கிக்கொண்டேன்.

அவர் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எண்பத்தாறு வயது முழங்கால்கள் மடங்க நேரமானது. உதவிக்குப் போன என் கையை விலக்கினார். கற்பூரம் ஏற்றினார். செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரை எடுத்து இலையைச் சுற்றி விட்டார். கைகூப்பி அந்த இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பிறகு, நான் இந்த வீட்டில் ஒருநாளும் கேட்டிராத சின்னக் குரலில் கூப்பிட்டார்.

"அப்பா… வாங்கப்பா. சோறு வெச்சிருக்கேன். வந்து பசியாறுங்க."